பூக்கும் செடிகள்: தொட்டியிலும் தோட்டத்திலும் வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மல்லிகை, முல்லை, செம்பருத்தி, இட்லிப்பூ, நந்தியாவட்டை, அரளி, காகிதப்பூ, கனகாம்பரம், ரோஜா ஆகியவற்றை வீட்டு வாசலிலோ மொட்டை மாடியிலோ வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே தரப்பட்டுள்ளன. தமிழகத்தின் சமவெளிப் பகுதிகளை மனத்தில் கொண்டே இவை எழுதப்பட்டுள்ளன. உதகை, கொடைக்கானல் போன்ற மலை ஊர்களின் குளிருக்கும் மண்ணுக்கும் இவற்றில் பல பொருந்தா. பூக்காத செடிக்கு என்ன உரம் போடலாம் என்பதே பெரும்பாலோரின் முதல் கேள்வியாக இருக்கிறது. ஆனால் செடி பூக்காமல் நிற்பதற்கு உரக்குறை காரணமாக இருப்பது அரிது. வெயில், வேர், கவாத்து (கிளைகளை வெட்டிவிடுதல்) ஆகிய மூன்றையும் பார்த்த பிறகே உரத்தைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பதால் விடைகளும் ஏறக்குறைய அந்த வரிசையிலேயே அமைந்துள்ளன.

எந்தச் செடிகள் தொட்டிக்கு ஏற்றவை? எவற்றைத் தரையில் நடுவது நல்லது?

குண்டுமல்லி, கனகாம்பரம், ரோஜா, காகிதப்பூ, இட்லிப்பூவின் குட்டை ரகங்கள் ஆகியவை தொட்டியில் பல ஆண்டுகள் நன்றாக இருக்கும். செம்பருத்தியையும் தொட்டியில் வளர்க்கலாம். ஆனால் தொட்டி பெரிதாக இருக்க வேண்டும். அரளி, நந்தியாவட்டை, ஆள் உயரத்துக்கு வளரும் நாட்டு இட்லிப்பூ ஆகியவற்றுக்குத் தரையே பொருத்தம். முல்லையும் பிச்சியும் படர இடம் கேட்பவை. அவற்றைத் தரையில் நட்டுப் பந்தலிலோ கம்பியிலோ ஏற்றிவிடுவது நல்லது. வீட்டைச் சுற்றி ஓரடி அகலத்துக்கு மண் இருந்தாலும் அதைத்தான் முதலில் பயன்படுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தரையில் வேரூன்றிய செடி தனக்கு வேண்டிய ஈரத்தைத் தானே தேடிக்கொள்ளும். ஒரு வாரம் ஊருக்குப் போய் வந்தாலும் தாங்கும்.

எவ்வளவு வெயில் வேண்டும்?

மல்லிகை, ரோஜா, அரளி, காகிதப்பூ ஆகியவற்றுக்கு நாள்தோறும் 6 மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். செம்பருத்தியும் இட்லிப்பூவும் 4 மணி நேர வெயிலில் ஓரளவு பூக்கும். நந்தியாவட்டையும் கனகாம்பரமும் அரை நிழலைப் பொறுத்துக்கொள்ளும்.

வெளிச்சமாக இருக்கும் இடத்தையெல்லாம் வெயில் படும் இடம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு விடுமுறை நாளில் காலை 7 மணி முதல் மாலை 5 மணி வரை மணிக்கு ஒருமுறை பார்த்து, செடி நிற்கும் இடத்தில் நிழல் எப்போது விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கதிரவன் பாதை பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். வீட்டின் வடக்குப் பக்கத்தில் ஆனி, ஆடியில் நல்ல வெயில் இருக்கும். மார்கழி, தை மாதங்களில் அதே இடம் நாள் முழுவதும் சுவரின் நிழலில் கிடக்கும். மாடியிலும் கைப்பிடிச் சுவரை ஒட்டித் தரையில் வைத்த தொட்டிக்குப் பாதி வெயில் போய்விடும். இரண்டு செங்கல் அடுக்கி உயர்த்தினாலே வேறுபாடு தெரியும்.

தொட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? மண் தொட்டியா, சிமெண்ட் தொட்டியா, பிளாஸ்டிக்கா?

கனகாம்பரத்துக்கு 10 அங்குல வாய் உள்ள தொட்டி போதும். மல்லிகை, ரோஜா, குட்டை இட்லிப்பூவுக்கு 12 முதல் 14 அங்குலமும், செம்பருத்திக்கு 16 அங்குலத்துக்குக் குறையாமலும் வேண்டும். சிறிய செடியை நேரடியாக மிகப் பெரிய தொட்டியில் நட்டால் வேர் எட்டாத மண் நாட்கணக்கில் ஈரமாகவே கிடந்து புளிக்கும். ஆகவே படிப்படியாகத் தொட்டியை மாற்றுவதே முறை.

சுட்ட மண் தொட்டியின் பக்கங்கள் வழியாக ஈரம் கசிந்து ஆவியாவதால் கோடையிலும் வேர்ப்பகுதி குளிர்ச்சியாக இருக்கும். அதற்கு விலையாகத் தண்ணீர் அதிகம் ஊற்ற வேண்டும். பிளாஸ்டிக் தொட்டியும் வளர்ப்புப் பையும் எடை குறைந்தவை, ஆனால் கருப்பு நிறமானவை மே மாத வெயிலில் கொதித்துவிடும். புதிய சிமெண்ட் தொட்டியில் சுண்ணாம்பு இருக்கும். சில நாட்கள் நீர் நிரப்பி, நீரை மாற்றி, ஊறவிட்ட பிறகே அதைப் பயன்படுத்த வேண்டும். அப்போதும் இட்லிப்பூவை அதில் நடாமல் இருப்பது நல்லது. காரணத்தைப் பின்னால் விளக்கியிருக்கிறேன்.

மண்கலவை எப்படி இருக்க வேண்டும்?

தரைத்தளத்தில் வைக்கும் தொட்டிக்குச் செம்மண் இரண்டு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு என்பது பழகிய அளவு. மொட்டை மாடிக்கு எடையும் ஒரு கவலை. வெறும் செம்மண் நிரப்பிய 12 அங்குலத் தொட்டி நனைந்தால் 25 கிலோவுக்குக் குறையாது. எனவே மாடியில் செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் ஆகியவற்றைச் சம பங்காகக் கலந்துகொள்ளலாம். கனமான தொட்டிகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல், கீழே சுவரோ உத்திரமோ இருக்கும் ஓரங்களில் வைக்க வேண்டும். தென்னை நார்க்கழிவில் உப்பு இருக்கக்கூடும் என்பதால் இரண்டு மூன்று முறை நீரில் ஊறவைத்துப் பிழிந்து பயன்படுத்துங்கள். தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்குச் சேர்த்தால் வேர்ப்புழு, நூற்புழுத் தொல்லை குறையும்.

கலவை சரியா என்று அறிய, ஈரமான நிலையில் ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடியுங்கள். கையை விரித்ததும் உருண்டையாக நின்று, விரலால் தட்டியதும் உதிர்ந்தால் சரி. களியாக நின்றால் மணலும், நிற்காமலேயே உதிர்ந்தால் தொழுவுரமும் தேவை.

தொட்டியின் அடியில் ஜல்லி போட்டால் நீர் நன்றாக வடியுமா?

வடியாது. பலரும் செய்வது இது என்றாலும் பயன் இல்லை. நுண்ணிய துளைகள் கொண்ட மண் தன் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முற்றிலும் நீரால் நிறைந்த பிறகே கீழே இருக்கும் ஜல்லிக்குள் அதை விடும். ஆகவே தொட்டியின் அடியில் தங்கவேண்டிய சேறு, ஜல்லி போட்ட உயரத்துக்கு மேலே ஏறி வேருக்கு இன்னும் அருகில் வந்து தங்குகிறது, வேர் பரவ வேண்டிய மண்ணின் அளவும் குறைகிறது. துளையின் மேல் ஒரு ஓட்டுச் சில்லைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் நேரடியாக மண்கலவையை நிரப்புவதே போதுமானது. தொட்டியைத் தரையோடு ஒட்டி வைக்காமல் செங்கல் துண்டுகளின் மேல் வைத்தால் துளை அடைபடாது.

தோட்டத்தில் குழி எடுப்பது எப்படி?

ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து, மேல்மண்ணையும் அடிமண்ணையும் தனித்தனியே குவித்து, இரண்டு வாரம் வெயிலில் ஆறவிடுங்கள். மேல்மண்ணோடு 10 கிலோ மக்கிய தொழுவுரம் கலந்து குழியை மூடி, ஒருமுறை நீர் விட்டு மண் அமர்ந்த பிறகு நடலாம். மல்லிகைக்குச் செடிக்குச் செடி 4 அடி இடைவெளி வேண்டும்; நெருக்கி நட்டால் நடுவில் காற்றோட்டம் இன்றிப் பூச்சி சேரும். களிமண்ணும் கரிசலும் உள்ள இடங்களில் அரையடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி அமைத்தே நட வேண்டும். இல்லையேல் ஐப்பசி மழையில் வேர் அழுகும். சுற்றுச்சுவரை ஒட்டிய மண்ணில் கட்டட இடிபாடும் சிமெண்ட் கலவையும் புதைந்திருப்பது வழக்கம். அவற்றைக் கிளறி எடுத்துவிட்டு, சுவரிலிருந்து 2 அடி தள்ளி நடுங்கள்.

எப்போது நடலாம்? நர்சரியில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

ஆடியில் தொடங்கி கார்த்திகை வரை நடலாம். கடலோர மாவட்டங்களில் அடைமழை நாட்களை மட்டும் தவிர்க்க வேண்டும். கோடையில் வாங்கிய செடியை நிழலில் பையோடு காப்பாற்றி வைத்து, வெயில் தணிந்த பின் நடுவதே நல்லது.

வாங்கும்போது பூத்துக் குலுங்கும் செடியைத் தேடாமல், அடியிலிருந்து மூன்று நான்கு கிளைகள் பிரிந்து, மொட்டும் தளிருமாக இருக்கும் செடியைத் தேர்ந்தெடுங்கள். பையின் அடியைத் திருப்பிப் பாருங்கள். பருத்த வேர் வெளியே வந்திருந்தால் அந்தச் செடி நெடுநாள் அதே பையில் நெருக்கடியில் இருந்தது என்று பொருள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஒரு வாரம் அரை நிழலில் வைத்துப் பழக்கிய பிறகு நடுவது செடிக்கு நல்லது.

நாள்தோறும் தண்ணீர் ஊற்ற வேண்டுமா?

நாள் கணக்கு வைத்து ஊற்றுவதைவிட விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து ஊற்றுவதே சரி. உள்ளே உலர்ந்திருந்தால், அடித்துளை வழியே வழியும் வரை நிறைவாக ஊற்றுங்கள். மேலாகச் சிறிது தெளித்தால் வேர் மேலேயே தங்கிவிடும். கத்திரி வெயிலில் மாடித் தொட்டிகளுக்குக் காலை, மாலை இருவேளையும் நீர் தேவைப்படும். மழைக்காலத்தில் வாரம் முழுவதும் தேவைப்படாமலும் போகலாம்.

போர் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும் இடங்களில் தொட்டி விளிம்பிலும் மண்ணின் மேலும் வெள்ளைப் பொடி படியும். அது உப்பு. மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, இயன்றபோதெல்லாம் மழைநீரைத் தாராளமாக ஊற்றி, உப்பை அடித்துளை வழியே கழுவி வெளியேற்ற வேண்டும். தொட்டியின் கீழ் வைக்கும் தட்டில் நீர் தேங்க விடாதீர்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்தச் சிறு நீரே போதும்.

மல்லிகைச் செடி பச்சைப் பசேலென்று தழைத்து நிற்கிறது, ஆனால் பூக்கவில்லை. ஏன்?

இதுவே எல்லாக் கேள்விகளிலும் முதன்மையானது. மல்லிகை பழைய கிளையில் பூப்பதில்லை. புதிதாக வரும் தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கிறது. ஒரு தளிரை அருகில் வைத்துப் பார்த்தால், அதன் நுனியில் பெரும்பாலும் மூன்று மொட்டுகள் சேர்ந்திருப்பதையும், நடுமொட்டு முதலில் பெருத்து விரிவதையும் காணலாம். புதுத் தளிர் எத்தனையோ அத்தனை கொத்து. ஆகவே பழைய கிளைகளை வெட்டாமல் வைத்திருப்பவர்களின் செடி நீண்டு, படர்ந்து, இலையை மட்டுமே வளர்க்கும்.

இதற்காகவே மல்லிகை விவசாயிகள் நவம்பர் கடைசி வாரம் முதல் ஜனவரி முதல் வாரத்துக்குள் ஆண்டுக் கவாத்து செய்கிறார்கள். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் தோட்டங்களுக்கும் வீட்டுத் தொட்டிக்கும் இந்த முறை ஒன்றுதான். கவாத்துக்கு முன் சில நாட்கள் நீரைக் குறைத்து மண்ணைக் காயவிடுங்கள். பிறகு, காய்ந்த கிளைகளையும் ஒன்றோடொன்று உரசும் கிளைகளையும் அடியோடு நீக்கி, மற்றவற்றைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், ஒரு கணுவுக்குச் சற்று மேலே, கூர்மையான கத்தரியால் சாய்வாக வெட்டுங்கள். எஞ்சிய இலைகளையும் உருவி விடலாம். தொட்டிச் செடியானால் மண்ணிலிருந்து ஓரடி உயரம் விட்டால் போதும். வெட்டிய பின் மேல்மண்ணைக் கிளறி, தொழுவுரம் இட்டு, நிறைவாக நீர் விடுங்கள். சில வாரங்களில் கணுவுக்குக் கணு தளிர் வெடிக்கும். மாசி, பங்குனியில் மொட்டுகளைக் காணலாம்.

குச்சியாக நிற்கும் செடியைப் பார்த்துப் பலர் மனம் கலங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தில் நுனியை மட்டும் லேசாகக் கிள்ளிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள், பலன் கிடைப்பதில்லை. துணிந்து வெட்டுங்கள். வேர் நலமாக உள்ள மல்லிகை கட்டாயம் தழைக்கும். பூக்காலம் தொடங்கிய பிறகு, பூத்து முடிந்த ஒவ்வொரு கொத்தையும் அதற்குக் கீழுள்ள ஓரிணை இலைகளோடு கிள்ளிவிட்டால் பக்கத் தளிர்கள் தொடர்ந்து வரும்.

மற்றச் செடிகளுக்கும் இதே கவாத்துத்தானா?

அடிப்படை ஒன்றே, காலமும் அளவும் மாறும். பிச்சிக்கு டிசம்பர் கடைசி வாரமும், முல்லைக்கு ஜனவரி கடைசி வாரமும் ஏற்றவை. செம்பருத்தியை ஒரே முறையில் மொட்டையடிக்காமல், மூன்றில் ஒரு பங்கு கிளைகளை மட்டும் வெட்டி, அவை தழைத்த பின் அடுத்த பங்குக்குப் போனால் பூ இடைவிடாமல் கிடைக்கும். இட்லிப்பூவை வேலிபோலச் சமமாக வாரம்தோறும் கத்தரிப்பவர்கள் அதன் பூவைத் தாமே வெட்டி எறிகிறார்கள், ஏனெனில் அதன் கொத்து கிளை நுனியில்தான் வரும். வாடிய கொத்துகளை மட்டும் நீக்கி, ஆண்டுக்கு ஒருமுறை உருவம் திருத்தினால் போதும். அரளியும் நந்தியாவட்டையும் எப்படி வெட்டினாலும் தாங்கும்.

காகிதப்பூ வாங்கியபோது நிறைய பூத்தது, இப்போது இலை மட்டுமே இருக்கிறது. என்ன செய்வது?

தண்ணீரைக் குறையுங்கள். பிரேசிலிலிருந்து உலகெங்கும் பரவிய இச்செடி, வறட்சியைச் சற்று உணர்ந்தால்தான் நிறைவாகப் பூக்கிறது. நாம் பூ என்று சொல்லும் வண்ண மடல்கள் உண்மையில் இலையின் மாற்றுருவங்கள். அவற்றுக்கு நடுவே வெண்மையாக, குழல்போல் நிற்கும் சிறியதே பூ. மழை ஓய்ந்து தை பிறந்ததும், இலை இலேசாகத் துவளும் வரை நீரை நிறுத்தி, பிறகு ஒருமுறை நிறைவாக ஊற்றி, மீண்டும் காயவிடுங்கள். முழு வெயிலில் வைத்து, தழைச்சத்து (நைட்ரஜன்) உரத்தை அறவே நிறுத்துங்கள். தொட்டி இறுக்கமாக இருப்பதும் இதற்குப் பிடிக்கும். இதை மட்டும் அவசரப்பட்டுப் பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டாம்.

அப்படியானால் உரம் எப்போது, எவ்வளவு?

கவாத்து முடிந்ததும் ஒருமுறை, ஆனி, ஆடியில் ஒருமுறை என ஆண்டுக்கு இருமுறை மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ இடுவது அடிப்படை. பூக்காலத்தில் 15 நாட்களுக்கு ஒருமுறை, லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யா கலந்த நீரைத் தெளிக்கலாம். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து, நன்றாக நீர்த்து ஊற்றுவதும் நல்லது. கட்டியாகப் போட்டால் எறும்பும் பூஞ்சணமும் வரும். மாட்டுச் சாணத்தை மக்காமல் புதிதாக இடவே கூடாது. அதன் சூட்டில் வேர் கருகும். யூரியாவைத் தொட்டிக்கு நான் பரிந்துரைப்பதில்லை. இலை அடர்த்தியாகும், பூ குறையும், தளிர் மென்மையாகி அசுவினியும் மாவுப்பூச்சியும் ஏறும்.

இட்லிப்பூவின் இலைகள் மஞ்சளாகின்றன. எந்தச் சத்து குறைவு?

எந்த இலை மஞ்சளாகிறது என்று முதலில் பாருங்கள். அடியில் உள்ள முதிர்ந்த இலைகள் முழுவதும் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவாகவோ நீர் தேங்கியதாகவோ இருக்கலாம். நுனியில் உள்ள இளம் இலைகள் வெளிறி, நரம்புகள் மட்டும் பச்சை வலையாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இருக்கும். ஆனால் சுண்ணாம்பும் காரமும் மிகுந்த மண்ணில் வேரால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. இட்லிப்பூ, அதாவது சங்க இலக்கியம் பாடும் வெட்சி, சற்றே புளிப்புத் தன்மை உள்ள மண்ணை விரும்பும் செடி. சிமெண்ட் தொட்டியும் சுவர் ஓரமும் உவர் நீரும் அதற்கு ஆகாதிருப்பது இதனால்தான்.

நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்ற பெயரில் கிடைக்கும் இரும்பு சல்பேட்டை லிட்டருக்கு 5 கிராம் வீதம் கரைத்து, சில துளி எலுமிச்சைச் சாறு சேர்த்து, மாலையில் இலைகளில் தெளியுங்கள். புதிய தளிர் பச்சையாக வரும் வரை மாதம் ஒருமுறை தெளித்தால் போதும். மல்லிகையிலும் இதே அறிகுறி வரும், மருந்தும் இதுவே.

செம்பருத்தி மொட்டுகள் விரியும் முன்பே உதிர்கின்றன. ஏன்?

ஒருநாள் காய்ந்து மறுநாள் சேறாகும் மண்தான் பெரும்பாலும் காரணம். ஈரம் சீராக இருக்க, தொட்டியின் மேல் காய்ந்த இலைகளால் மூடாக்கு இடுங்கள். அதன் பிறகும் உதிர்ந்தால், விழுந்த மொட்டைப் பிளந்து பாருங்கள். உள்ளே சிறு புழுக்கள் நெளிந்தால், கொசுவைவிடச் சிறிய ஒருவகை ஈ மொட்டில் முட்டை இட்டிருக்கிறது. விழுந்த மொட்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி, பைக்குள் கட்டி அப்புறப்படுத்துங்கள். அந்தப் புழு மண்ணுக்குள் சென்றே கூட்டுப்புழுவாகும் என்பதால், மேல்மண்ணைக் கிளறி வேப்பம் புண்ணாக்கு இடுவதும் உதவும்.

மல்லிகை மொட்டுகள் ஊதா நிறமாகி வாடுகின்றன. அதுவும் அதே ஈயா?

அந்த ஈ மல்லிகையையும் தாக்கும். மொட்டின் அடிப்பகுதி வீங்கிச் சிவக்கும். மொட்டில் சிறு துளையும், கொத்தைப் பிணைக்கும் நூலாம்படையும் தெரிந்தால் அது மொட்டுப்புழு. இரண்டுக்கும் முதல் வேலை பாதித்த மொட்டுகளை உடனே கிள்ளி அழிப்பது. அடுத்தது, மாலையில் 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிப்பது.

மாவுப்பூச்சியை எப்படி ஒழிப்பது?

முதலில் எறும்பைக் கவனியுங்கள். மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைப் பாதுகாத்துச் செடிக்குச் செடி கொண்டுபோகின்றன. மிகுதியாகப் பற்றிய நுனிகளை வெட்டி அகற்றி, மற்றவற்றை நீரைப் பீய்ச்சிக் கழுவி, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது காதி சோப்புக் கரைசலோடு கலந்து, இலையின் அடிப்புறம் நனையுமாறு வாரம் ஒருமுறை தெளியுங்கள்.

கடுமையான நஞ்சுகளை வீட்டில் அடிக்க வேண்டாம் என்று சொல்வதற்கு வலுவான காரணம் உண்டு. 2008-ல் கோவையில் முதன்முதலாகக் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி எனப் பலவற்றையும் பாழாக்கியபோது, மருந்துகளால் அதை அடக்க முடியவில்லை. 2010-ல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட ஒரு சிறு குளவியினமே அதைக் கட்டுப்படுத்தியது. கண்ணுக்கு எளிதில் புலப்படாத அத்தகைய குளவிகளும் பொறிவண்டுகளும் நஞ்சு தெளித்தால் முதலில் மடியும்.

அரளியும் நந்தியாவட்டையும் உள்ள வீட்டில் குழந்தைகள் இருக்கலாமா?

அரளியின் இலை, பூ, தண்டு, வேர் அனைத்தும் நச்சு. மஞ்சள் அரளியின் விதை மிகவும் கொடியது. தவழும் குழந்தையோ ஆடு மாடோ எட்டும் இடத்தில் அரளி வேண்டவே வேண்டாம். கவாத்து செய்த குச்சிகளை எரிக்கவும் கூடாது, புகையும் தீங்கு செய்யும். யாராவது மென்றுவிட்டால் வீட்டு வைத்தியத்தில் நேரம் கழிக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். நந்தியாவட்டையின் பாலும் கண்ணிலும் வாயிலும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்விரண்டிலும் விரல் பருமனுக்கு ஒரு பச்சைப்புழு வந்து ஒரே இரவில் கிளையை மொட்டையாக்கும். தலைக்குப் பின்னால் இரண்டு நீலக் கண்கள் போன்ற புள்ளிகளைக் காட்டி மிரட்டும் அது, பச்சையும் இளஞ்சிவப்பும் கலந்த மிக அழகிய அந்துப்பூச்சியின் புழு. செடி பெரிதாக இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். இலை மீண்டும் வந்துவிடும்.

ரோஜாவில் ஒரு கிளை மட்டும் வேகமாக வளர்கிறது, பூக்கவில்லை. வைத்திருக்கலாமா?

அது ஒட்டுக்கு, அதாவது அடிச்செடியில் ரோஜாவை இணைத்த இடத்துக்கு, கீழேயிருந்து வருகிறதா என்று பாருங்கள். அப்படியானால் அது அடிச்செடியின் கிளை. விட்டுவைத்தால் நீங்கள் வாங்கிய ரோஜாவை அமுக்கிவிடும். மண்ணை விலக்கி, புறப்படும் இடத்திலேயே பிய்த்து எடுங்கள். நடும்போது ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும்.

இருக்கும் செடியிலிருந்து புதிய செடிகளை எப்படி உருவாக்குவது?

மல்லிகைக்கு மண்பதியம் எளிது. தாழ்ந்த கிளையில் ஒரு கணுவை இலேசாகச் சீவி, மண்ணுக்குள் பதித்து, மேலே கல் வைத்து, ஈரம் காயாமல் காத்தால் இரண்டு மூன்று மாதத்தில் வேர் விடும். செம்பருத்தி, இட்லிப்பூ, காகிதப்பூவுக்கு விண்பதியம், அதாவது கிளையைச் செடியில் இருக்கும்போதே சீவி, ஈரப்பொருளால் சுற்றிக் கட்டி வேர்விடச் செய்வது, நல்ல பலன் தரும். நாட்டுக் கனகாம்பரத்தை விதையிலிருந்து வளர்க்கலாம். ஆனால் காய்ந்த கதிர்மேல் ஈரம் பட்டதும் காய் படீரென வெடித்து விதை தெறித்துவிடும் என்பதால், மழைக்கு முன்பே கதிரைப் பறித்து மூடிய பாத்திரத்தில் வைக்க வேண்டும். டெல்லி கனகாம்பரம் விதை வைக்காது. அதைக் குச்சி நட்டே பெருக்க முடியும்.

தொட்டி மண்ணை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

ஊற்றிய நீர் மண்ணுக்குள் இறங்காமல் ஓரமாக ஓடி உடனே வெளியேறினால், அல்லது மண்ணின் மேல் வேர் வலைபோல் தெரிந்தால், காலம் வந்துவிட்டது. பொதுவாக இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தேவைப்படும். மல்லிகைக்கு இதைக் கவாத்தோடு சேர்த்துச் செய்துவிடலாம். முந்தைய நாள் நீர் விட்டு, தொட்டியைச் சாய்த்துத் தட்டி, செடியை மண்கட்டியோடு உருவுங்கள். சுற்றிச் சுருண்ட வேர்களைப் பக்கங்களிலும் அடியிலும் ஓரங்குலப் பருமனுக்குச் சீவி எடுத்து, கறுத்து அழுகியவற்றை நீக்கி, புதிய கலவையிட்டு அதே தொட்டியில் திரும்ப நடுங்கள். பிறகு பத்து நாட்கள் அரை நிழலில் வைத்து, தளிர் தெரிந்ததும் வெயிலுக்கு மாற்றலாம். அதுவரை எந்த உரமும் இட வேண்டாம்.